பதிமூன்று கைநாட்டுகள்

இயந்திரம் நூறு என்று காட்டியது. தொண்ணூற்றொன்பதே முக்கால் இல்லை, நூற்றொன்று இல்லை, நூறு. பதினான்கு வருடங்களில் எங்கள் ஆய்வகத்தில் ஐயாயிரம் பேரின் எலும்பு மஜ்ஜையை அளந்திருக்கிறோம். அச்சடித்தாற்போல் நூறு வந்தது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் பெண், "இவங்களைவிட நார்மலா யாரும் இருக்க முடியாது போல மேடம்" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். குழாயைத் திருப்பிப் பார்த்தேன்.

குழாயில் ஒட்டியிருந்த சீட்டில் மாராத்தாள், வயது 59 என்று இருந்தது.

அந்த எண்ணுக்கு என் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். தமயந்தி எண். மஜ்ஜையில் செல்கள் எலும்பை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கின்றன என்று சொல்லும் அளவு. நாடு முழுக்க ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் தொடங்கும் முன் இதைப் பார்க்காமல் மருந்து எழுத மாட்டார்கள். எங்கள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிகள் ஒருவரையொருவர், "உங்குளுக்குத் தமயந்தி எவ்வளவுங்க வந்துச்சு?" என்று கேட்டுக்கொள்வதை நானே கடந்து போயிருக்கிறேன். முதல் வருடம் அதைக் கேட்கக் குளுகுளுவென்று இருந்தது. பிறகு அந்தப் பக்கம் போகாமல் பின்வாசல் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். முட்டி வலிக்கு நல்லது என்று கேட்டவர்களிடம் சொன்னேன்.

மாராத்தாள் எங்கள் ஆய்வகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். முதலில் கண்ணாடிக் குழாய் கழுவ வந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் குழாய்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டும் வேலை கொடுத்தோம். கடைசி எட்டு வருடம் ரிப்போர்ட் கவுண்டரில் உட்கார்ந்தார். அஞ்சாம் வகுப்புவரைதான் படிப்பு. ஆனால் சம்பள ரசீதில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதில் அவருக்கு ஒரு மிடுக்கு. இப்போது அவருக்கே ரத்தப் புற்றுநோய். முதல் சுற்று கீமோ முடிந்து இரண்டாவது சுற்றுக்குக் காத்திருந்தார்.

அவருக்கு ஏன் நூறு வந்தது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அளவுகோல் செய்ய வேண்டுமென்றால் நோயில்லாத இருபது பேரின் மஜ்ஜை வேண்டும். ரத்தம் என்றால் ஆள் கிடைக்கும். மஜ்ஜை என்றால் இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி உறிஞ்ச வேண்டும். ஊசியின் நீளத்தைப் பார்த்ததும் ஆள் கழன்றுவிடும். பதினான்கு வருடத்துக்கு முன் விளம்பரம் கொடுத்து, கல்லூரி கல்லூரியாக அலைந்து, ஏழு பேரைப் பிடித்தேன். அளவுகோலை ஒப்படைக்க வேண்டிய கெடு நான்கு நாளில் முடிகிறது. ஒரு சனிக்கிழமை மதியம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மாராத்தாள், "என்ற இடுப்புல எடுத்துக்குங்க மேடம், எனக்கொண்ணும் நோவில்லீங்க" என்றார்.

ஆய்வகத்தில் இது புதிதில்லை. நல்ல ரத்தம் வேண்டும் என்றால் வேலை செய்பவர்களே சட்டைக் கையைச் சுருட்டிவிடுவோம். அந்தப் பழக்கத்தில் சரி என்றேன். ஊசி இறக்கிய டாக்டரிடம், காரணம் சொல்லாமல், வழக்கத்தைவிட அதிகமாக எடுக்கச் சொன்னேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மாராத்தாள் ஒரே ஒரு தடவை, "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். அதைப் பதிமூன்று குழாய்களில் பிரித்தேன். பதிமூன்று பெயர்களை நானே யோசித்துச் சொன்னேன். மாராத்தாள் முத்து முத்தாகச் சீட்டு எழுதி ஒட்டினார்.

ஒப்புதல் படிவம் பாக்கி இருந்தது. பதிமூன்று படிவத்திலும் அவர் கையெழுத்துப் போட்டால் ஒரே எழுத்து என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். "கைநாட்டு வெச்சுருங்கக்கா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மைப்பெட்டியை இழுத்து, பதிமூன்று தடவை இடது கட்டைவிரலை அழுத்தினார். கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரு மனுஷியை நான் கைநாட்டு வைக்க வைத்தேன். மற்றதையெல்லாம் அவசரம், கெடு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. இதற்கு மட்டும் இன்றுவரை சமாதானம் கிடைக்கவில்லை. நினைத்தால் காது சூடாகிவிடும்.

அடுத்தது கணக்கு. இருபது பேரை உயர வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் உயரத்தை நூறு என்று வைத்துக்கொள்வதுதான் முறை. இருபதில் பதிமூன்று பேர் ஒரே ஆள் என்றால் நடுவில் வேறு யார் நிற்பார்? நிஜமான ஏழு பேரும் அறுபது பக்கத்தில் கிடந்தார்கள். அன்றே அது என் கண்ணில் பட்டது. ஏழு பேர் சொல்வதைவிடப் பதிமூன்று பேர் சொல்வதுதான் எடுபடும் என்று எழுதிவிட்டேன். மாராத்தாளின் செல்களுக்கு இயல்பிலேயே உடும்புப்பிடி. அந்தப் பிடியைத்தான் நாட்டுக்கெல்லாம் இயல்பு என்று சொல்லிவிட்டேன்.

நூற்று இருபதைத் தாண்டினால்தான் அந்தப் பிடியைத் தளர்த்தும் விடுமாத்திரை கொடுப்பார்கள். மாராத்தாளுக்கு நூறு. மாத்திரை கிடையாது. மாத்திரை இல்லாமல் கீமோ கொடுத்தால் அவருடைய நோய் ஆறு மாதத்தில் திரும்பி வரும் என்பது எனக்கு நிச்சயம்.

டெக்னீஷியன் பெண்ணைச் சாப்பிட அனுப்பினேன். கணினியில் 100 என்பதை அழித்து 162 என்று அடித்தேன். ஏன் 162 என்று கேட்டால் தெரியாது, நம்பும்படியாகப் பட்டது, அவ்வளவுதான். காரணம் என்ற கட்டத்தில் 'மாதிரி நீர்த்திருந்தது' என்று எழுதினேன். ஆய்வகத் தலைவி நான், என் கையெழுத்துக்கு மேல் கேள்வி கிடையாது. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். அன்று மதியம் தயிர்சாதம் நன்றாகவே இறங்கியது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் காலை பத்தரைக்கு வார்டிலிருந்து போன் வந்தது. பேசியது டாக்டர் நஸ்ரீன், ரத்தநோய்ப் பிரிவின் இளைய மருத்துவர். அவளுடைய அப்பாவும், அவள் வாயில் அத்தா, இதே நோய்க்கு எட்டு வருடம் முன்பு இங்கேதான் சிகிச்சையில் இருந்தார். ஒரு தடவை தேறி, மறுபடி நோய் வந்து இறந்துபோனார். அத்தாவை அன்பாகப் பார்த்துக்கொண்ட இடம் என்று இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள். அது எனக்குப் பிடிக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"மேம், மாராத்தாம்மா மாத்திரையப் போட மாட்டேங்கறாங்க. உங்ககிட்டப் பேசணுமாம். நாலு மணிக்கு கீமோ. பன்னெண்டுக்குள்ள மாத்திரை உள்ள போகணும். நீங்க சொன்னா கேப்பாங்க."

போனேன். மாராத்தாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு. மாத்திரை ஒரு சின்னக் கிண்ணத்தில் பக்கத்து மேஜை மேல் இருந்தது. மகள் சிவரஞ்சனி நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு ரிப்போர்ட்டை நீட்டினாள்.

"மேடம், இந்த நூத்தி அறுபத்திரண்டுன்னா என்னங்க? அம்மா நேத்துப் புடிச்சு இதையே பாத்துட்டு உக்காந்திருக்குதுங்க. வாயத் தொறக்க மாட்டேங்குது."

பேச ஏதோ ஒன்று கிடைத்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. "டவுன் பஸ்ஸுல கம்பியப் புடிச்சு நிக்கறோமல்ல கண்ணு? அந்த மாதிரி ரத்தத்தோட ஸ்டெம் செல்லெல்லாம் எலும்புக்குள்ள செவுத்தப் புடிச்சு நிக்கும். அதுக்குக் கை மாதிரி இருக்கறது ஒட்டுமூலக்கூறு. செல்லோட தோல் மேல இருக்கும்."

"நோய் செல்லுக்கும் கை உண்டுங்களா?"

"உண்டு. கீமோ வந்து சடன் பிரேக் போடற மாதிரி. புடிக்காம நிக்கறதெல்லாம் விழுந்துரும். கம்பிய இறுக்கிப் புடிச்சதுக ஒண்ணும் ஆகாம நின்னுக்கும். ஆறு மாசங் கழிச்சு அதுகதான் மறுபடி பெருகும். இந்த மாத்திரை கைய விட வெக்கும். கைய விட்டுட்டு ரத்தத்துக்குள்ள வந்துச்சுன்னா கீமோ அடிச்சுரும்."

"அப்பொ எல்லார்த்துக்கும் குடுக்கலாமல்லங்க?"

"புடி தளர்வா இருக்கறவங்களுக்குக் குடுத்தா நல்ல செல்லும் சேந்து வெளிய கொட்டிரும். எலும்பே காலியாயிரும். அதுக்குத்தான் அளந்து பாக்கறது. அம்மாளுக்குப் புடி கெட்டி. மாத்திரை கட்டாயம் வேணும்."

"ரஞ்சனி," என்றார் மாராத்தாள், "கீழ போயி எனக்கு ஒரு இளநி வாங்கிட்டு வா சாமி."

மகள் போனதும் அவர் ரிப்போர்ட்டை மடி மேல் வைத்து, அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"எனக்கு நூறுதானுங்க மேடம் வரோணும்."

நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"பதிமூணு குழாய்க்கும் நாந்தானுங்க சீட்டு ஒட்டுனேன். நீங்க கணக்குப் போடறப்பப் பக்கத்துல நின்னு டீ ஆத்திட்டிருந்தேன். 'இதுதான் நடு, இதுதான் நூறு'ன்னு நீங்க வட்டம் போட்டது நான் எழுதுன சீட்டு நம்பருக்குத்தானுங்க. எனக்கு அது மறக்குங்களா?"

"தெரிஞ்சுமா இத்தன வருஷம் சொல்லல?"

"படிச்சவிய, அப்படித்தான் பிரிப்பாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். கைநாட்டு வெக்கச் சொன்னப்ப மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு. பொறவு போட்டும்னு உட்டுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பெருமையா இருந்துச்சுங்க மேடம். கவுண்டர்ல ஒவ்வொரு காயிதமாக் கொடுக்கறப்ப, இந்த நூறுங்கறது நானாக்கும்னு உள்ளுக்குள்ள ஒரு இது. ஒருத்தருகிட்டயுஞ் சொன்னதில்ல. என்ற மகளுக்குக்கூடத் தெரியாது."

அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. எனக்கு அந்த நாற்காலியோடு கீழே போய்விடலாம் போல் இருந்தது. நான் திருடியதை அவர் தனக்குக் கிடைத்த மரியாதை என்று பதினான்கு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறார்.

"நேத்து இதப் பாத்தனுங்க. நானே நூறுன்னா எனக்கெப்படி நூத்தி அறுபத்திரண்டு வரும்? நீங்க மாத்திருக்கறீங்க. எனக்கு மாத்திரை கெடைக்கோணும்னு மாத்திருக்கறீங்க. அப்பொ அந்த நூறே தப்புங்களா?"

"தப்புதான்க்கா."

"எப்பொத் தெரியும்?"

அன்றே தெரியும் என்று சொல்ல நா எழவில்லை. மூன்று வருடம் முன்பு வடக்கிலிருந்து ஓர் ஆய்வாளர், உங்கள் இயல்பு அளவு ரொம்ப உயரமாக இருக்கிறதே என்று மரியாதையாகக் கடிதம் எழுதினார். முதலில் உங்கள் இயந்திரத்தைச் சரி பாருங்கள் என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு அன்றைக்கே எங்கள் பதிவேட்டைத் திறந்து, இயல்பு என்று அனுப்பப்பட்டு நோய் திரும்பியவர்களை எண்ணினேன். பெயர்கள் இருக்கும் பத்தியை மறைத்துவிட்டு எண்களை மட்டும் எண்ணினேன். நானூற்றுப் பதினொன்று. மற்ற ஊர்க் கணக்கு எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

"ரொம்ப நாளாத் தெரியும்" என்றேன்.

"சூலூர் டீச்சரம்மாவ நெனப்பிருக்குங்களா? தொண்ணூத்தி நாலு வந்துச்சு. நூறுக்குள்ளதானுங்க இருக்குது, சந்தோசமாப் போங்கன்னு நாந்தான் காயிதத்தக் கையில கொடுத்தேன். அடுத்த வாரம் எனக்கொரு டப்பா நெறைய லட்டு கொண்டாந்து கொடுத்துச்சு அந்தம்மா. எட்டாம் மாசம் வண்டியில படுக்கப் போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க." துண்டைச் சரிசெய்துகொண்டார். "அந்த லட்ட நானும் ரஞ்சனியும் தின்னமுங்க மேடம்."

"அக்கா, முதல்ல மாத்திரையப் போடுங்க. மணி பதினொண்ணாச்சு. அப்பறம் பேசிக்கலாம்."

"அப்பறம் அப்பறம்னுதானுங்க பதினாலு வருசமாச்சு."

அப்போதும் நான் விடவில்லை. மண்டைக்குள் எப்போதும் ஒரு வக்கீல் உட்கார்ந்திருப்பான் எனக்கு. "நான் இப்பச் சொன்னேன்னா அளவே செல்லாம போயிரும்க்கா. அளவு இல்லாம மாத்திரை தரக்கூடாதுன்னு சட்டம். உங்களுக்கே கெடைக்காது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சொல்லும்போதே கூசியது. என் பயத்துக்கு அவர் உயிரைக் கேடயமாகப் பிடித்தேன்.

மாராத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த ஏழு பேரு நெசமான ஆளுகதானுங்களே? அவிய கணக்கு இருக்குமல்ல? அத வெச்சு என்னைய அளந்து பாருங்க."

பதினான்கு வருடமாக அந்த ஏழு பேரும் கோப்பில் இருந்தார்கள். இது எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றிய ஒவ்வொரு தடவையும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போனேன்.

"மேடம், இத முழுங்கோணும்னுதான் எனக்கும் இருக்குது. ரஞ்சனிக்கு இன்னும் ஒரு வழி பண்ணல. சாகறதுக்கு எனக்கென்ன ஆசைங்களா? ஆனா நாலு பேருக்கு இல்லீன்னு சொல்லிப்போட்டு நான் மட்டும் திருட்டுத்தனமா முழுங்கறதுன்னா எறங்க மாட்டேங்குது. நீங்க அந்த டாக்டரம்மாவக் கூப்புட்டுச் சொல்லுங்க. சொன்னதும் போட்டுக்கறேன்."

மேஜை மேல் இருந்த அழைப்பு மணியை அவர் அழுத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்தான் அழுத்தினேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதுவும் இன்னொருத்தர் சொல்லிச் செய்தது.

நஸ்ரீன் வந்தாள். வழக்கம்போல் கதவருகே ஒரு கணம் மரியாதையாக நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஏழு பேர், ஒரே மஜ்ஜை, பதிமூன்று குழாய், கைநாட்டு, நேற்று நான் அடித்த பொய் எண் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பதினான்கு வருடம் சுமந்தது மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது.

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைப்பேசியை எடுத்தாள்.

"அந்த ஏழு பேரோட நடு எவ்வளவு?"

"பழைய அளவுல அறுபது."

"அறுபத நூறுன்னு வெச்சா..." தட்டிப் பார்த்தாள். "இவங்களுக்கு நூத்தி அறுபத்தேழு."

நான் பொய்யாக எழுதியது நூற்று அறுபத்திரண்டு. வாய்க்கு வந்த பொய்யே அவ்வளவு கிட்டத்தில் போயிருக்கிறது. என் உடம்புக்கு உண்மை தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் சொல்ல மனசில்லை.

நஸ்ரீன் ரிப்போர்ட்டில் என் எண்ணைக் குறுக்கே அடித்து, தன் கையால் 167 என்று எழுதி, ஏழு பேர் அளவின்படி என்று பக்கத்தில் குறித்துக் கையெழுத்துப் போட்டாள். "பொறுப்பு என்னோடது. சீஃப்கிட்ட நான் பேசிக்கறேன். மாத்திரையப் போடுங்கம்மா. மணி பதினொன்னே முக்கால்."

மாராத்தாள் மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாய் திறந்து காட்டினார்.

"மேம், நீங்க எல்லா லேபுக்கும் லெட்டர் எழுதணும். இன்னைக்கே. இந்த எண்ண நிறுத்தச் சொல்லி."

"எழுதறேன்."

அவள் கதவுவரை போய்த் திரும்பி நின்றாள். குரல் உயரவில்லை. "எங்க அத்தாவுக்குத் தொண்ணூத்தி ஏழு மேம். ரிப்போர்ட்ட இன்னும் பத்திரமா வெச்சிருக்கோம். கீழ நீங்க சைன் பண்ணிருக்கீங்க."

கதவு மூடிக்கொண்டது. நான் மறைத்து வைத்த பத்தியில் முதல் பெயரைக் கண்டேன். இன்னும் நானூற்றுப் பத்துப் பெயர்கள் இருந்தன. நான் அழுதிருந்தால் அது மாராத்தாளைச் சமாதானம் சொல்ல வைத்திருக்கும். அதனால் அழாமல் இருந்தேன்.

கடிதத்தை அங்கேயே, வார்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். சுற்றி வளைக்காமல் எழுத நான்கு காகிதம் கிழிந்தது. ஒவ்வொரு தடவையும் 'தவறு நேர்ந்துவிட்டது' என்றுதான் பேனா போனது. நேர்ந்துவிட்டதாம், தானாகவே. ஐந்தாவது காகிதத்தில் 'நான் செய்தேன்' என்று வந்தது. மஜ்ஜை கொடுத்தவரின் வாக்குமூலமும் சேர்ந்தால்தான் கடிதம் நிற்கும். அதைத் தனித் தாளில் எழுதி மாராத்தாளுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒரு வரியை மாற்றச் சொன்னார். 'ஆய்வக ஊழியர்' என்று நான் எழுதியிருந்த இடத்தில் பெயரைப் போடச் சொன்னார்.

மருந்துப் பை மாற்ற வந்த நர்ஸ், அவருடைய வலது கையில் ஊசி குத்தி வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து வேணுங்களா? இந்தக் கையில எப்படிங்க போடுவாங்க? இருங்க, ஆபீஸ்ல மைப்பெட்டி இருக்குது, கொண்டாறேன்" என்றாள்.

"வேண்டாங் கண்ணு" என்றார் மாராத்தாள். "எனக்கு எழுதத் தெரியும்."

ஆஸ்பத்திரிக்கு வெளியே தேடி அலைந்துவிட்டு இப்போதுதான் சிவரஞ்சனி இளநீரோடு வந்து எங்களை மாறி மாறிப் பார்த்தாள். மாராத்தாள் தாளைப் புத்தகத்தின் மேல் வைத்து, பேனாவை வீங்கிய விரல்களுக்கிடையே மெதுவாகப் பொருத்திக்கொண்டார். எழுதப் போனவர் நிமிர்ந்து, பழைய வழக்கத்தில், சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எத்தன எடத்துலீங்க மேடம்?"

"ஒரே எடத்துல போதும்க்கா."

அவர் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.